பத்து வருடம் கழித்து மறுபடி ஆய்வுகூடத்துக்குள்

தங்கச்சி, நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். பேராதனையில் 2013-இல் பொது விஞ்ஞானப் பட்டம். இரசாயனவியல், தாவரவியல், விலங்கியல். ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரண்டு வருடம் வேலை. 2015-இல் கல்யாணமாகி தலவாக்கலைப் பக்கம் வந்தீர்கள். அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள், இடையில் மாமியாரின் நீண்ட சுகவீனம். இப்போது உங்களுக்கு 36 வயது, சின்னவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான். "மறுபடி வேலைக்குப் போக வேண்டும். முதலில் எம்.எஸ்ஸி. முடித்தால்தான் யாராவது திரும்பிப் பார்ப்பார்களா?" இது நீங்கள் நேரடியாகக் கேட்டது. கடைசி வரியில் இன்னொன்றும் வந்துவிட்டது: "படித்ததெல்லாம் மறந்து போச்சு, அந்தப் பட்டம் இனிச் செல்லுமா என்றே தெரியவில்லை." உண்மையில் உங்களை அரிப்பது இந்த வரிதான் என்று நினைக்கிறேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நானும் பேராதனையில் இரசாயனவியல் படித்தவள். ஆறு வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதன்பின் பதினேழு வருடமாக உணவுப் பொருட்களையும் தேயிலையையும் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் இருக்கிறேன். கடந்த எட்டு வருடமாக ஆட்களை எடுக்கும்போது மேசையின் அந்தப் பக்கம் உட்காருகிறேன். ஆகவே ஆய்வுகூடம், தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாடு பற்றி நான் சொல்வதை நம்பலாம். பாடசாலை நியமனங்கள் பற்றி எனக்குத் தெரிந்தது என் தங்கையும் நண்பிகளும் பட்ட பாட்டிலிருந்து தெரிந்ததுதான். அந்த இடம் வரும்போது அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டம் காலாவதியாவதில்லை. இது நிச்சயம். 2013-இல் வாங்கிய பட்டம் இன்றைக்கும் அதே பட்டம்தான், எந்த விண்ணப்பத்திலும் அதே இடத்தில்தான் எழுதப் போகிறீர்கள். மறந்து போச்சு என்கிறீர்களே, அதில் பாதிதான் உண்மை. அமிலம், காரம், மூல் கணக்கு, கலத்தின் அமைப்பு, ஒரு பரிசோதனையில் எதை மாற்றி எதை மாற்றாமல் வைக்க வேண்டும் என்ற யோசனை, இதெல்லாம் உள்ளே படிந்துவிட்ட விஷயங்கள். இரண்டு கிழமை புத்தகத்தைத் திறந்து வைத்தால் எழும்பி வந்துவிடும். உண்மையில் போவது கைப்பழக்கம். நான் திரும்பி வந்த முதல் நாள், எனக்கு ஒரு சாதாரண அமில கார டைட்ரேஷன் கொடுத்தார்கள், ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து எவ்வளவு போனது என்று பார்க்கும் வேலை. பள்ளிக்கூடத்தில் அளவி என்று படித்த அந்த பியூரெட்டைப் பிடித்ததும் கை நடுங்கியது. மூன்று முறை செய்தேன்: 24.6, 24.1, 24.9 மில்லிலீற்றர். மூன்றும் மூன்று விதம். உயர்தரம் படிக்கும் பிள்ளைகூட இதைவிட நன்றாகச் செய்யும் என்று நினைத்து, மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன். பத்தாவது நாள் மூன்று வாசிப்பும் 0.1 மில்லிலீற்றருக்குள் வந்துவிட்டது. ஆறு வருடத்தில் போன கை பத்து நாளில் வந்தது. உங்களுக்கு இன்னும் ஒரு கிழமை கூட எடுக்கலாம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் போகிறது, அது நம் தவறில்லை. நாம் வீட்டில் இருக்கும்போது வெளியே விதிமுறைகள் மாறிவிடுகின்றன. நீங்கள் நின்ற வருடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தர அமைப்பின் விதிமுறைகளில், தர முகாமைத்துவத்துக்கான 9001 புதிய பதிப்பாக 2015-இல் வந்தது. சோதனைக்கூடங்களுக்கான 17025 புதிதாக வந்தது 2017-இல், உணவுப் பாதுகாப்புக்கான 22000 வந்தது 2018-இல். நீங்கள் வேலை செய்த ஆய்வுகூடத்தில் சுவரில் ஒட்டியிருந்த நடைமுறைத் தாள்கள் எல்லாம் இதற்கு முந்தைய பதிப்புகளைப் பார்த்து எழுதியவையாகத்தான் இருந்திருக்கும். அணு, மூலக்கூறுகளை எண்ண நாம் பாவிக்கும் மூல் என்ற அலகின் வரைவிலக்கணமே மாறிவிட்டது தெரியுமா? காபன்-12-ஐ வைத்து நாம் மனப்பாடம் செய்தது 2019 மே 20-ஆம் திகதியோடு முடிந்தது, இப்போது 6.02214076 × 10²³ என்று எண்ணையே நிலையாக வைத்துவிட்டார்கள். அன்றாட வேலையில் இதனால் எதுவும் மாறாது. ஆனால் நேர்முகப் பரீட்சையில் ஒரு பேச்சுக்குச் சொன்னால், இந்தப் பிள்ளை வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியும். தேயிலைப் பக்கம் பார்த்தால், கிளைபோசேற் களைநாசினி 2015-இல் தடை செய்யப்பட்டு 2018-இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மறுபடி அனுமதிக்கப்பட்டது. 2021-இல் இரசாயன உரத் தடை வந்து, அதே வருடக் கடைசியில் விலக்கப்பட்டது. அந்த வருடம் தோட்டத்தில் கொழுந்து எப்படிக் குறைந்தது என்று உங்கள் வீட்டைச் சுற்றி இருப்பவர்களே சொல்வார்கள். இவ்வளவையும் பிடித்துக்கொள்ள ஒரு மாத மாலை நேர வாசிப்பு போதும்.

சரி, எம்.எஸ்ஸி. விஷயத்துக்கு வருகிறேன். முதலில் எம்.எஸ்ஸி. செய்யாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேராதனையில் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் 1996-இலிருந்து இயங்குகிறது. பகுப்பாய்வு இரசாயனவியல், சூழல் விஞ்ஞானம், பிரயோகப் புள்ளிவிபரவியல் என்று நல்ல கற்கைநெறிகள் இருக்கின்றன. விரிவுரைகள் பெரும்பாலும் சனி, ஞாயிறு. கேட்க வசதியாகத்தான் இருக்கும். ஆனால் தலவாக்கலையிலிருந்து பேராதனைக்கு விடியற்காலை பஸ் ஏறி இரவு திரும்ப வேண்டும், அதுவும் ஒவ்வொரு வார இறுதியும். பிள்ளைகள் வீட்டில் இருக்கும் இரண்டு நாளும் போய்விடும். ஆய்வறிக்கையையும் சேர்த்து இரண்டு வருடத்துக்கு மேல் இழுக்கும். முடிக்கும்போது உங்களுக்கு 39 வயது, கையில் இன்னொரு சான்றிதழ், "கடைசியாக எப்போது வேலை செய்தீர்கள்?" என்ற கேள்விக்கு அதே 2015. நேர்முகத்தில் எங்களுக்கு உறுத்துவது அந்தக் கேள்வியின் பதில்தான். இடைவெளி எத்தனை வருடம் என்று நாங்கள் கணக்குப் பார்ப்பதைவிட, கடைசியாகக் கை வைத்த திகதி எவ்வளவு கிட்ட இருக்கிறது என்றுதான் பார்ப்போம். ஆகவே உங்களுக்கு இப்போது வேண்டியது இந்த வருடத் திகதி போட்ட ஒரு சின்ன வேலை. அது கையில் இருந்தால் பத்து வருடமும் பின்னால் தள்ளி நிற்கும்.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்தேன். ஐந்தாறு வருடத்துக்கு முன் ஒரு உதவிப் பகுப்பாய்வாளர் இடத்துக்கு மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தோம். இரண்டு பேர் புதிதாகப் பட்டம் எடுத்த பிள்ளைகள், கெட்டிக்காரர்கள், பெரிய கருவிகளைப் பற்றித் தடுமாறாமல் சொன்னார்கள். மூன்றாவது மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், 38 வயது, ஒன்பது வருட இடைவெளி. வாய்மொழிக் கேள்விகளில் சுமார்தான். அதன் பிறகு மூவரையும் ஆய்வுகூடத்துக்குள் அழைத்துப் போய், தேயிலையில் ஈரம் எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டோம். முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். தட்டை நிறுத்து, தேயிலையைப் போட்டு நிறுத்து, 103 பாகை செல்சியஸ் சூட்டடுப்பில் காயவைத்து, ஈரம் படாமல் மூடி வைக்கும் பாத்திரமான டெசிகேட்டரில் ஆறவைத்து மறுபடி நிறுப்பது. மூவரும் சரியாகச் சொன்னார்கள். அந்தப் பெண் மட்டும் டெசிகேட்டருக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார். குனிந்து கீழ்த் தட்டைப் பார்த்தார். "மிஸ், சிலிக்கா ஜெல் ரோஸ் கலராகிவிட்டதே. இதுக்குள்ள ஆறவைத்தா தட்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், தேயிலையில் ஈரம் குறைவாகக் காட்டும் இல்லையா?" என்றார். அன்றைக்குக் காலையில் அதை மாற்ற மறந்தது நாங்கள். நீல நிறத்தில் இருக்க வேண்டியது, ஈரம் குடித்து ரோஸாகிக் கிடந்தது. (இப்போது பல இடங்களில் கோபாற்று கலந்த நீல ஜெல்லை விட்டுவிட்டு, செம்மஞ்சளிலிருந்து பச்சையாக மாறும் வகையைப் பாவிக்கிறார்கள். அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.) எப்படிக் கவனித்தீர்கள் என்று கேட்டேன். முந்தைய இரண்டு மாதம், கிழமைக்கு மூன்று காலை, வீட்டுக்குக் கிட்ட இருந்த தேயிலைத் தொழிற்சாலையின் சோதனை அறையில் சும்மா போய் உதவி செய்திருக்கிறார். அங்கே அவருக்குக் கொடுத்த முதல் வேலையே சிலிக்கா ஜெல்லைச் சூட்டடுப்பில் வைத்து மறுபடி நீலமாக்குவது. இடம் அவருக்குத்தான் கிடைத்தது. இன்றைக்கும் எங்களோடு இருக்கிறார்.

ஆகவே உங்களைச் சுற்றி இருப்பதைப் பாருங்கள். தலவாக்கலையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒரு தேயிலைத் தொழிற்சாலை தட்டுப்படும். தொழிற்சாலை என்றதும் நம் ஆட்களுக்கு, அம்மா அப்பா கொழுந்து மடுவத்தில் நின்ற ஞாபகம் வந்து, படித்த பிள்ளை அங்கே போவதா என்று ஒரு கூச்சம் வருகிறது. எனக்கும் இருந்தது. ஆனால் அதற்குள் நடப்பது முழுக்க நீங்கள் படித்த பாடம். பறித்த கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு நீர். வாடல் தட்டில் இரவு முழுக்கக் காற்று விட்டு அதை 55 அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். ரோலரில் போட்டு உருட்டும்போது கலங்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனி அறையில் இருந்த பொலிபீனோல் ஒக்சிடேஸ் நொதியமும் கட்டெகின் என்ற பொலிபீனோல்களும் காற்றோடு சந்திக்கின்றன. அப்புறம் தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற நிறப்பொருட்கள் உருவாகின்றன. தேயிலைச் சாயத்தின் பளபளப்பும் கடுப்பும் நிறமும் அங்கேதான் பிறக்கின்றன. அதை எல்லோரும் புளிக்க வைப்பது என்று சொன்னாலும், நுண்ணங்கிகள் செய்கிற நொதித்தல் இல்லை அது, ஒட்சியேற்றம். சரியான நேரத்தில் டிரையரில் போட்டு நொதியத்தை நிறுத்தி, ஈரத்தை 3 சதவீத அளவுக்கு இறக்குகிறார்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்பதை தயாரிப்பைப் பொறுப்பாகப் பார்க்கும் டீ மேக்கர் மூக்கால் அறிவார். அந்த மூக்குக்கு முன்னால் நம் பட்டம் ஒன்றுமில்லை. அவரிடம் நீங்கள் படிக்கத்தான் போகிறீர்கள். ஆனால் ஏன் அந்த நேரத்தில் மணம் மாறுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டும் சேரும்போது அந்த அறையில் நீங்கள் வேண்டப்பட்ட ஆளாகிவிடுவீர்கள்.

தொழிற்சாலைக்கு இப்படி ஒரு ஆள் எதற்கு என்று கேட்பீர்கள். வெளிநாட்டு வாங்குபவர்கள் இப்போது தேயிலையைச் சுவைத்துப் பார்த்து மட்டும் வாங்குவதில்லை. உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ், பீடைநாசினி எச்சத்துக்கான சோதனை அறிக்கை, பதிவேடுகள், எல்லாம் கேட்கிறார்கள். ஹசப் என்று சொல்லும் முறையில் ஆபத்து எங்கே வரலாம் என்று இடம் இடமாகக் குறித்து, தினமும் பார்த்து எழுத வேண்டும். தராசு சரியா என்று நியம எடைப் படிகளை வைத்துச் சோதிக்க வேண்டும். தலைத்தொப்பி ஏன், மோதிரம் ஏன் கூடாது என்று சல்லடைப் பக்கம் நிற்கும் அக்காமாருக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். கணக்காய்வுக்கு வருபவர் கேட்கும்போது ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும். தொழிலாளர்களோடு தமிழில் மரியாதையாகப் பேசவும், அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதவும், காரியாலயத்தில் சிங்களத்தில் சமாளிக்கவும் தெரிந்த விஞ்ஞானப் பட்டதாரி என் அனுபவத்தில் மிக அரிது. மலையகத்துப் பிள்ளைக்கு இது பிறப்போடு வந்த தகைமை. சிங்களம் தட்டுத் தடுமாறினால் இன்றிலிருந்தே பேசிப் பழகுங்கள். பிழையாகப் பேசினாலும் பரவாயில்லை, பேசாமல் இருப்பதுதான் நேர்முகத்தில் நம்மைக் கீழே இறக்குகிறது.

இதில் நிச்சயமில்லாததையும் சொல்கிறேன். எல்லாத் தொழிற்சாலையிலும் இப்படி ஒரு தனிப் பதவி இருக்காது; சில இடங்களில் டீ மேக்கரே எல்லாவற்றையும் பார்க்கிறார். சம்பளம் இடத்துக்கு இடம் மாறும். நேரமும் கேட்டுக்கொள்ள வேண்டியது, ஏனென்றால் வாடிய கொழுந்தை விடியும் முன்பே உருட்டத் தொடங்குவார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்த நேரம் சரிவராது. பகல் பதிவேடு வேலையா, உற்பத்தியோடு சேர்ந்த வேலையா என்று முதலிலேயே கேளுங்கள்.

தேயிலைக்கு வெளியேயும் இடம் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களுக்குப் பக்கத்திலேயே சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம். அதன் தொடக்கம் 1925. அங்கே நிரந்தரப் பதவிக்குப் பத்திரிகை விளம்பரமும் வயது நிபந்தனையும் உண்டு, ஆகவே அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஆனால் அவர்கள் வெளியிடும் ஆலோசனைச் சுற்றறிக்கைகளை எடுத்து வாசியுங்கள், தேயிலைத் தொழிலுக்குள் போக அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. சீத்தா எலியப் பக்கம் உருளைக்கிழங்கு விதை வேலைகள், நுவரெலியாவைச் சுற்றிய பசுமைக்குடில்கள், பால் பதனிடும் இடங்கள், கண்டியில் தனியார் சோதனைக்கூடங்கள், இவை எல்லாம் உங்கள் மூன்று பாடங்களோடும் ஒட்டுபவைதான். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. தனியார் ஆஸ்பத்திரி லேப்பில் இரத்தப் பரிசோதனை வேலைக்கு யாராவது கூப்பிட்டால் நிதானியுங்கள். மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் என்பது இலங்கை மருத்துவச் சபையில் பதிவு செய்ய வேண்டிய தொழில். பொது விஞ்ஞானப் பட்டம் அதற்குப் போதாது. குறைந்த சம்பளத்துக்கு உங்களை வைத்துக்கொண்டு அறிக்கையில் வேறொருவர் கையெழுத்துப் போடும் ஏற்பாட்டில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இப்போது பாடசாலை. உங்கள் வீட்டில் எல்லோரும் "டீச்சர் வேலைக்குப் போட்டுப் பார்" என்று சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மலையகத்தில் தமிழ் மொழி மூல விஞ்ஞான ஆசிரியர்களுக்கு எவ்வளவு பஞ்சம் என்று உங்களுக்கே தெரியும். உயர்தர விஞ்ஞானம் படிக்க ஊரை விட்டுப் போக வேண்டிய பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நியாயத்தால் உங்களுக்குக் கதவு தானாகத் திறக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கு வயது எல்லை வழக்கமாக 35. சில தடவைகளில் அதை உயர்த்தி அழைத்திருக்கிறார்கள். அடுத்த தடவை என்ன வரும் என்பதை வர்த்தமானி மட்டும்தான் சொல்லும், பக்கத்து வீட்டார் சொல்வதில் பயனில்லை. ஆகவே வர்த்தமானி வரும்போது விண்ணப்பியுங்கள், ஆனால் அது வரும் வரை காத்திருந்து இன்னும் இரண்டு வருடத்தைக் கரைக்காதீர்கள். வகுப்பறைதான் உங்கள் ஆசை என்றால், சனிக்கிழமை டியூஷன் வகுப்பில் தொடங்கலாம். உங்கள் காலத்து நோட்ஸை அப்படியே எடுத்துக்கொண்டு போக வேண்டாம். உயர்தரப் பாடத்திட்டம் 2017-இல் மாறி 2019-இல் முதல் பரீட்சை நடந்தது, உயிரியல் நன்றாகவே மாறியிருக்கிறது. அந்த வழியில் தொடர நினைத்தால் திறந்த பல்கலைக்கழகம் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் தமிழிலும் நடத்துகிறது. அதற்குப் பிறகான தனியார் பாடசாலை விஷயங்களை அந்தத் துறையில் இருக்கும் ஒருவரிடம் கேளுங்கள்.

காகிதங்களை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். மலையகத்தில் பிறந்த நமக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து கூட, பட்டச் சான்றிதழில் இன்னொரு விதம். என்னுடையதில் அப்பாவின் பெயர் மூன்று இடத்தில் மூன்று மாதிரி. தோட்டத்தில் யாரோ கேட்டு எழுதியது, அது சிங்களத்துக்குப் போய் ஆங்கிலத்தில் வந்தபோது உருமாறிவிட்டது. வேலை கிடைத்த பிறகு அதைச் சரிசெய்ய ஓடினால் நியமனத் திகதி தள்ளிப்போகும். எல்லாப் பெயரும் ஒரே ஆளுடையது என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்தில் திருத்த என்ன வேண்டும் என்று கேளுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து பாடவாரியான பெறுபேற்று அறிக்கையையும் இப்போதே கேட்டுவிடுங்கள், அது கைக்கு வர நாளெடுக்கும். பழைய வேலையிடத்திலிருந்து சேவைச் சான்றிதழ் வாங்காமல் விட்டிருந்தால், அங்கே உங்களைத் தெரிந்த ஒருவராவது இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

சுயவிபரக் கோவையில் இடைவெளியை மறைக்கப் பார்க்காதீர்கள். வருடங்களை எழுதாமல் விடும் விண்ணப்பங்களை நான் உடனே கண்டுபிடிப்பேன், என்னைப் போல எல்லோரும் கண்டுபிடிப்பார்கள். "2015 முதல் குடும்பப் பொறுப்பு, முழுநேரம்" என்று ஒரே வரி. வீட்டு வேலையை முகாமைத்துவம் என்றும் வரவுசெலவுத் திட்டமிடல் என்றும் அலங்கரிக்கத் தேவையில்லை. ஒரு நோயாளியையும் இரண்டு பிள்ளைகளையும் பார்த்தது எவ்வளவு பெரிய வேலை என்று எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் வரியில் புதியது எதுவோ அது வரட்டும்: தொழிற்சாலைச் சோதனை அறையில் இத்தனை கிழமை, இன்னின்ன சோதனைகள். இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் போன்ற இடங்களில் உணவுப் பாதுகாப்பு பற்றிய குறுகிய பயிற்சி நடக்கும், முடிந்தால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எக்செல்லில் வாசிப்புகளை அட்டவணையாக்கி, சராசரியும் நியம விலகலும் எடுத்து ஒரு வரைபு போடத் தெரிந்திருப்பது அதைவிட முக்கியம். அதை வீட்டிலேயே பழகலாம்.

நேர்முகத்தில் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார்கள். கேட்கக்கூடாது, ஆனால் கேட்பார்கள். நான் திரும்பி வரப் பார்த்தபோது முதல் நேர்முகத்தில், "பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் பார்ப்பது? நீங்கள் ஆறு மாதத்தில் நின்றுவிடுவீர்கள்" என்று ஒருவர் சொன்னார். படித்த பாடத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. கண்டியிலிருந்து கம்பளை வரை பஸ்ஸில் யன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே போனேன். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த நேர்முகத்துக்குப் போகும் முன் அம்மாவோடும் கணவரோடும் உட்கார்ந்து ஒழுங்கு செய்துவிட்டுப் போனேன். "காலை ஏழு மணியிலிருந்து ஐந்து மணி வரை அம்மா பார்த்துக்கொள்வார், அவருக்கு முடியாத நாளில் கணவர் லீவு போடுவார்" என்று இரண்டே வசனம் சொன்னேன். அடுத்த கேள்வி இரசாயனவியலுக்குப் போய்விட்டது. உங்கள் வீட்டில் இந்த ஒழுங்கு இன்னும் பேசப்படவில்லை என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. அதை முதலில் பேசுங்கள். மாமியாரைப் பார்த்துக்கொண்டது நீங்கள் ஒருவர், இப்போது உங்களுக்காக மற்றவர்கள் நேரம் ஒதுக்குவதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

எம்.எஸ்ஸி.யை நான் வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. ஒரு வருடம் வேலை செய்த பிறகு, பகுப்பாய்வுப் பக்கம் ஆழமாகப் போக வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால், அப்போது அந்தப் படிப்பின் ஒவ்வொரு விரிவுரையும் கையில் இருக்கும் வேலையோடு ஒட்டும். உங்களுடையது மூன்று வருடப் பொதுப் பட்டம் என்பதால், எந்த நெறிக்கு நுழைவுத் தகைமை பொருந்துகிறது என்று விண்ணப்பிக்கும் முன் நிறுவகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள், நெறிக்கு நெறி அது வேறுபடும். ஆராய்ச்சியாளராவதுதான் கனவு என்றால் மட்டும் இந்த வரிசையை மாற்றி, படிப்பை முன்னால் வைக்கலாம்.

சம்பளமில்லாமல் உதவி செய்யப் போவதற்கும் ஒரு எல்லை வேண்டும். ஆறிலிருந்து எட்டுக் கிழமை, கிழமைக்கு மூன்று காலை, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம். அதற்கு மேல் போனால் அது உழைப்பை இலவசமாகக் கொடுப்பது, மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வரும்போது தொழிற்சாலைத் தலைப்புத் தாளில், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்ன சோதனைகள் செய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தொழிற்சாலைக்குப் போய் எப்படிக் கேட்பது என்று தயங்காதீர்கள். காலை உற்பத்தி ஓய்ந்த பின், பத்து பதினொரு மணிவாக்கில் போங்கள். பெறுபேற்று அறிக்கையின் ஒரு பிரதியோடு இந்த நான்கு வரியைக் கடிதமாகக் கொடுங்கள்: "நான் பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. பத்து வருடம் குடும்பப் பொறுப்பில் இருந்து மறுபடி தொழிலுக்கு வர விரும்புகிறேன். உங்கள் சோதனை அறையில் எட்டுக் கிழமை, திங்கள், புதன், வெள்ளி காலை எட்டரையிலிருந்து பன்னிரண்டு வரை, சம்பளமின்றி உதவி செய்து பழக அனுமதி கேட்கிறேன். ஈரச் சோதனை, பதிவேடு எழுதுதல், தராசுச் சோதனை ஆகியவற்றை உடனே செய்ய முடியும்." முதல் தொழிற்சாலையில் இல்லை என்றால் அடுத்ததற்கு அதே கடிதம். எனக்குத் தெரிந்து மூன்றாவது, நான்காவது இடத்தில் ஒருவராவது உள்ளே வந்து பார்க்கச் சொல்வார். அந்த அறைக்குள் போனதும் டெசிகேட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஜெல் நிறம் மாறியிருந்தால் அதிலிருந்தே வேலையைத் தொடங்கலாம்.